ஒரு லுக்கா

எங்கள் ஊரில் ஆயிரம் பேசோ நோட்டுக்கு
லுக்கா என்று செல்லப்பெயர்.
துறைமுகத்தில் ஒருவன்
சாக்கோடு கடலில் வீசப்போனதை
ஒரு நோட்டை நீட்டித் தடுத்தேன்.
அதனால் நாய்க்கும் அதே பெயர்.

மலிவு என்றுதான் நினைத்தேன்.
சுண்டைக்காய் கால்பணம்,
சுமைகூலியை அன்று யார் கேட்டார்கள்.

புந்தா அரேனாஸில் ஜூலை மாதம்
விடியவே பத்து மணியாகும்.
இருட்டில் போய் நண்டு உரித்து
இருட்டில் திரும்பும் வேலை எனக்கு.
பூட்ஸில் ஒட்டிவந்த ஓட்டுத்துண்டு ஒன்றை
நான் கழற்றி வைத்த நேரத்துக்குள்
விழுங்கிவிட்டிருக்கிறது.
இரண்டாம் நாள் தண்ணீரும் தங்கவில்லை.
முதுகை வில்லாக வளைத்து
சுவரைப் பார்த்து நின்றது.

பூல்னெஸ் சாலை மருத்துவமனையில்
கண்ணாடிக் கதவு தானே திறந்தது.
எடை போட்டார்கள். காகிதம் அச்சாகி வந்தது:
ஏழு லட்சத்து எண்பதாயிரம்,
பாதி இப்போதே.
அந்த மருத்துவர் கெட்டவர் இல்லை.
லுக்கா, லுக்கா என்று அன்பாகத்தான் கூப்பிட்டார்,
திரையைப் பார்த்தபடி.

வடக்குக் கடற்கரையில் கார் கொட்டகையில் ஒருவர்.
பன்னிரண்டாயிரம்.
எல்லா நோய்க்கும் அதே ஊசி.
குளிருக்குப் போட்ட கையுறையைக்கூடக் கழற்றவில்லை,
வயிற்றை எங்கே தொட?

"இன்னொரு லுக்கா கொடுத்தால்
இன்னொரு லுக்கா கிடைக்கும்"
என்றான் என் அண்ணன் மிர்க்கோ.
கணக்கில் பிழையில்லை.
அன்றிரவு அவனுக்கு நான் சோறு போடவில்லை.

நெவென்கா ஒயார்சூன் ஆட்டு மருத்துவர்.
பண்ணையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்,
சட்டையெல்லாம் கம்பளி வாடை.
கண்ணை மூடிக்கொண்டு வயிற்றை அமுக்கினார்.
நெடுநேரம்.
கூரைத் தகரம் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.
"இங்கே" என்றார்.

பிறகு கேட்டார்:
"உன்னிடம் எவ்வளவு இருக்கிறது?"

சட்டையைக் கழற்றச் சொன்னதுபோல் கூசிப்போனேன்.
நூற்றைம்பதாயிரம் என்றேன்.
இருந்தது தொண்ணூற்றிரண்டு.

ஐந்து ரத்தப் பரிசோதனையில் மூன்றை அடித்தார்.
"இவை எனக்கு ஆறுதல் தரும், நாய்க்கு ஒன்றும் தராது."
எக்ஸ்ரே ஒன்று. கத்தி இன்றிரவே.
மொத்தம் இரண்டு லட்சத்து அறுபது, நான்கு தவணை.
"பத்தில் இரண்டு எழுந்திருப்பதில்லை.
எழாவிட்டாலும் பணம் கொடுக்கவேண்டும்.
இப்போதே யோசித்துக்கொள்."

யாரும் எனக்கு இவ்வளவு மரியாதை தந்ததில்லை.

வெளியே நடக்க முடியாத காற்று.
நகராட்சி கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு
வீதியோரம் நின்றேன்.
ஜெபிக்கத் தோன்றவில்லை.
தொண்ணூற்றிரண்டை நான்கால் வகுத்துக்கொண்டிருந்தேன்,
காற்று தள்ளத் தள்ள
மீண்டும் முதலிலிருந்து.

சனிக்கிழமை தொழிற்சாலைப் பெண்கள்
வீதியில் மேசை போட்டார்கள்.
ரொட்டி, சாசேஜ், தக்காளி, மசித்த அவகாடோ.
தையல் போட்ட நாயின் படம் ஒன்று.
அமான்கே அக்கா மயோனைஸைக் கஞ்சத்தனமாகப் பிழிந்தாள்,
"இது லாபத்துக்கு, சுவைக்கல்ல" என்று.
நூற்று நாற்பது விற்றது.
மிர்க்கோ ஐந்து வாங்கி இரண்டு தின்றான்.
மீதி மூன்றைத் திரும்ப மேசையிலேயே வைத்தான்,
யாரும் பார்க்காதபோது.

குளிர்பதனப் பெட்டியின் மேல்
இப்போது ஒரு பிஸ்கட் டப்பா.
சம்பள நாளில் ஐந்து நோட்டு அதில்.
தடுப்பூசிக்கு, பூச்சி மருந்துக்கு,
இன்னும் பெயர் தெரியாத எதற்கோ.
இருமடங்கு நிரம்பினாலும் போதாது.
தெரிந்தேதான் போடுகிறேன்.

நவம்பரில் கடைசித் தவணை.
எண்ணிப் பார்த்தார் நெவென்கா.
"ஒரு லுக்கா குறைகிறது."
"வெளியே கம்பத்தில் கட்டியிருக்கிறது, டாக்டர்."

பலமாகச் சிரித்தார்.
கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
பிறகு நோட்டுப்புத்தகத்தைத் திறந்து
என் பெயருக்கு நேரே
ஆயிரம் பாக்கி என்று எழுதினார்.