புனல்

பதினான்கு வருடமாக ஒரே புட்டி.
அந்தப் பெரிய பெயரின் கண்ணாடிப் புட்டி,
கழுத்தில் நகக்கீறல் போல ஒரு விரிசல்.
லேபிள் நனையாமல் அதைக் கழுவ
எங்கள் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வியாழன் இரவு
எம்லின் ஆலைக்குக் கிளம்பியதும்
இரண்டாம் இழுப்பறையிலிருந்து
நீலப் புனலை எடுப்பேன்.
வெள்ளை லேபிள், கடையின் சொந்தச் சரக்கு,
நாற்பத்திரண்டு பென்ஸ்.
தக்காளிச் சாஸை மெல்லத்தான் ஊற்ற வேண்டும்.
அவசரப்பட்டால் குமிழ் விடும்,
மேசையெல்லாம் சாட்சி சொல்லும்.

கார்ன்ஃப்ளேக்ஸும் அப்படித்தான்:
பெட்டி பழையது, உள்ளே பை புதியது.
தேயிலைக்கு ஒரு தகர டப்பா போதும்,
டப்பாவுக்கு வாய் கிடையாது.
பீன்ஸில் சாறு கொஞ்சம் தண்ணி;
அரைக் கரண்டி சர்க்கரை, ஒரு சொட்டு வினிகர்,
அடுப்பில் ஐந்து நிமிடம் கூடுதலாக.
கஸ்டர்டை மட்டும் நான் தாங்கிப் பேச மாட்டேன்.
சுண்ணாம்பு கரைத்தது போல இருந்தது,
பூனைகூட முகர்ந்துவிட்டுப் போனது.
பிஸ்கட்டில் என் வித்தை பலிக்கவில்லை.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் பெயரை அச்சடித்திருக்கிறார்கள்.
பிஸ்கட் மட்டும் நிஜமாகவே வாங்கினேன்.

'மலிவுச் சரக்கு நம்ம படி ஏறாது'
என்று கிளப்பில் அவன் சொல்லும்போதெல்லாம்
கையுறையில் நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை.
வேலைநிறுத்த வருடம் அவனுக்கு ஒன்பது வயது.
சேப்பலிலிருந்து டின்கள் வரும்,
நசுங்கியவை, லேபிளே இல்லாதவை.
திறந்தால்தான் தெரியும் பீச்சா பீன்ஸா.
ஒரு ஞாயிறு உருளைக்கிழங்கோடு
பீச் பழம் தின்றார்களாம்.
சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.
கேட்பவர்கள் சிரித்து முடித்த பிறகும்
கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருப்பான்.

பிறகு உலை அணைந்தது.
வானம் அந்தப் பக்கம் முதல்முறையாக இருட்டியது.
வீட்டில் சும்மா இருப்பவன்
'இனி கடைக்கு நான் போகிறேன், க்ளெனிஸ்' என்றான்.
மூன்று பவுண்டு எழுபதுக்கு
நிஜப் புட்டியோடு வந்தான்,
கப் வென்றவன் போல உயர்த்திப் பிடித்து.

சிப்ஸில் தொட்டான். நிறுத்தினான்.
மறுபடி தொட்டான்.
'செய்முறையை மாத்திட்டாங்க.
புளிப்பே இல்லை. சர்க்கரைப் பாகு.
திருடனுங்க!'

நான் உப்பை நகர்த்தி வைத்தேன்.

கம்பெனிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தான்,
இரண்டு பக்கம், நீல மசி.
நாற்பது வருட வாடிக்கையாளன் என்று தொடங்கி
நடுவில் என்னிடம் கேட்டான்,
'ஏமாற்றம்' என்பதற்கு எழுத்து எப்படி என்று.
ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது.
வருந்துகிறோம். செய்முறை மாறவில்லை.
எங்கள் அன்பின் அடையாளமாக
இரண்டு பவுண்டு கூப்பன்.

மாறவில்லை என்ற வரியை
அவன் விரல் மூன்று முறை கடந்தது.
எழுந்து போய் அலமாரியைத் திறந்தான்.
பழைய புட்டியை எடுத்து
வெளிச்சத்தில் திருப்பினான்.
விரிசலில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான்.
கெட்டில் கொதித்து, தானே அணைந்தது.
ஒன்றும் கேட்கவில்லை.
கூப்பனை நான்காக மடித்து
ஜன்னல் ஆடாமலிருக்க இடுக்கில் செருகினான்.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனான்.
கல்லாவில் டனுட்டா கேட்டாளாம்,
'இன்றைக்குக் க்ளெனிஸ் வரவில்லையா,
அவளுடைய வழக்கமான சாஸா இது?'

பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்:
ரொட்டி, வெண்ணெய், முட்டை.
கடைசியில் வெள்ளை லேபிள்.
விலை இப்போது எழுபத்தொன்பது பென்ஸ்.

'புனல் எங்கே?' என்றான்,
என்னைப் பார்க்காமல்.
'இரண்டாம் இழுப்பறை.'

ஊற்றினான். எல்லாவற்றிலும் அவசரம் அவனுக்கு.
குமிழ் வெடித்துச் சட்டையில் தெறித்தது.

'மெல்ல,' என்றேன்.