இரண்டு வரி கீழே

ப்ர்னோவில் நவம்பர். நீர்மட்டம் கணிக்கும் அலுவலகத்திலிருந்து
ஓட்டகர் அழைத்தார்:
"கோமின் பாலத்தடியில் ஸ்வ்ரட்கா
மைனஸ் எண்பது கோடி மீட்டர் ஆழத்தில் ஓடுகிறதாம்.
ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை."

மூன்று வாரத்தில் நான்காவது முறை.
முதல் தடவை விண்கதிர் என்றார்கள்.
இரண்டாம் தடவை மெமரி சில்லை மாற்றினார்கள்.
மூன்றாம் தடவை யாரும் எதுவும் சொல்லவில்லை.

போஹ்டானா அந்தக் கணத்தின் ரெஜிஸ்டரை விரித்து வைத்தாள்.
எட்டு எண்கள், ஒரே வரிசையில், தோளோடு தோள்.
பின் நான்கும் ஆற்றினுடையவை:
1.42, 1.43, 1.42, 1.40,
நவம்பரின் சலிப்பான, நம்பத்தகுந்த தண்ணீர்.
முன் நான்கும் யாருடையவோ.

கெர்னல் ஒரு வேலையை எழுப்பி
இன்னொன்றை உட்கார வைக்கும்போது
பதினாறு ரெஜிஸ்டரையும் மூட்டையாகக் கட்டிப்
பெயரெழுதி மெமரியில் வைக்கும்.
திருப்பி அனுப்பும் முன் ஒரு கொடியைப் பார்க்கும்.
ஏறியிருந்தால் மூட்டையைப் பிரி.
இறங்கியிருந்தால் கையில் உள்ளது அவனுடையதே, போகவிடு.

இதுதான் முறை. ஆயிரம் கோடி தடவை
இப்படித்தான் நடக்கிறது, தப்பில்லாமல்.

அன்று மதியம் தன் கோப்பைதானா என்று பார்த்துவிட்டு
போனை எடுக்கத் திரும்பினாள்.
பேசி முடித்துக் குடித்தால்
லுடெக்கின் தேநீர், மூன்று கரண்டிச் சர்க்கரை.
அந்த நொடியே எல்லாம் விளங்கிற்று என்றால்
கதைக்கு நன்றாக இருக்கும்.
விளங்கவில்லை. வாயைக் கொப்பளித்தாள்.
அதற்குப் பிறகு ஒன்பது நாள் ஆயிற்று.

ஒன்பது நாளில்
ஏழு தவறான ஊகம்,
ஒரு காய்ச்சல்,
ட்ராமில் மறந்து வைத்த ஒரு கையுறை.

பத்தாம் நாள், வட்டைப் பூட்டும் குறியீட்டு நிரலை
வேண்டுமென்றே ஓடவிட்டு ஓடவிட்டுப் பார்த்தாள்.
நாற்பத்தோராவது நிமிடம் ஆறு பொய் சொன்னது.
அந்த முன் நான்கும் மறைகுறியின் துணுக்குகள்.
பழைய வகைக் கட்டளைகள் ரெஜிஸ்டரில்
பாதியைத்தான் தொடும், மறுபாதியை எட்டிக்கூடப் பார்க்காது.
பின் நான்கு பிழைத்தது அப்படி.

கொடியைப் பார்த்தாயிற்று, இறங்கியிருக்கிறது.
வாசலைத் தாண்ட இன்னும் இரண்டு வரி.
அந்த இடுக்கில் ஒரு குறுக்கீடு நுழைகிறது,
மூட்டையை ஒழுங்காகக் கட்டுகிறது,
கொடியை ஒழுங்காக ஏற்றுகிறது,
தன் கணக்கை முடித்துக்கொண்டு போகிறது.
திருட்டு இல்லை. அது எந்த விதியையும் மீறவில்லை.
ஏறிய கொடியை இனிப் பார்க்கத்தான் ஆளில்லை.

இமைப்பொழுது என்கிறோம். ஓர் இமைப்பில்
அந்த இடுக்கு கோடி தடவை திறந்து மூடும்.

குறுக்கீட்டை அடைக்கும் வரிக்கு மேலே
அந்தச் சோதனையைத் தூக்கி வைத்தது யார்?
வரலாற்றைக் கேட்டாள். வந்தது:
நான்கு வருடத்துக்கு முன், வெள்ளி மாலை, ஆறு ஐந்து,
"சின்னச் சீரமைப்பு, வேகம் கூட்ட",
போஹ்டானா ஹ்ருஷ்கோவா.

அவள் இப்போது ஸ்க்ரபலோவா.
ஹ்ருஷ்காவின் பெயரை நீதிமன்றத்தில் விட்டுவிட்டு வந்தவள்.
திரையை வெகுநேரம் பார்த்தாள்,
தெருவில் யாரோ தன்னைத் தவறான பெயரில் கூப்பிட்டதுபோல.
திரும்பத்தான் வேண்டியிருந்தது.

புதிதாக ஒரு எழுத்தும் எழுதவில்லை.
சோதனையை இரண்டு வரி கீழே இறக்கினாள்.
முதலில் கதவை அடை, பிறகு கொடியைப் பார்.
விளக்கக் குறிப்பு மட்டும் முப்பத்தெட்டு வரி.
"எந்தத் திருத்தத்தால் வந்த பிழை" என்ற இடத்தில்
எண்ணையும் பழைய பெயரையும் முழுதாக அடித்தாள்,
சுருக்கலாம்தான், சுருக்கவில்லை.

லுடெக் படித்தான். பெயர்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.
"ஏழாம் வரியில் ஒரு காற்புள்ளி," என்றான், "மற்றபடி சரி."

மறுநாள் ஓட்டகரிடம் கேட்டாள், எப்படி இருக்கிறது என்று.
"ஒன்று புள்ளி மூன்று ஒன்பது," என்றார்,
"பாலத்தடியில் இரண்டு வாத்து."