ஒலிநாடாவை அழித்தவள் சொன்னது

தாஷ்கண்ட் வானொலி, மூன்றாம் மாடி.
எழுபத்தொன்பது, பருத்தி எடுக்கும் மாதம்.
கட்டளை ஒரு வரிதான்:
நாட்டை விட்டுப் போகிறவர்களின் குரல்
நாட்டில் இருக்கத் தேவையில்லை.
ஒவாத்யோ யகூதயேவ், பதினான்கு சுருள்கள்.
அழித்தது நான்தான்.
வேறு யாரோ என்று சொல்லிப் பழகியிருக்கிறேன்.
இன்றைக்கு வேண்டாம்.

பதினெட்டு வருஷம் அவர் பாட, நான் பதிந்தேன்.
அறிவிப்பாளருக்கு அவர் வெறும் 'ஓ. யகூதயேவ்'.
ஒரு தீர்க்கதரிசியின் பெயர்
ஓர் எழுத்தாய்ச் சுருங்கி மைக் முன்னால் வந்து நிற்கும்,
பழுப்புக் கோட்டும் பளபளக்கிற ஷூவுமாக.
இடது கையில் ஒரு பீங்கான் தட்டு.
வாயருகே பிடித்துக் குரலைத் திருப்புவார்,
மடையில் தண்ணீரைத் திருப்புகிற மாதிரி.
என் முள் துடித்துச் சிவப்புக்கு ஓடும்.
"தட்டைக் கீழே வையுங்கள்."
"வைத்தால் நான் பாடுவது எனக்கே கேட்காதே, சாஜிதா."

அரசவையில் வளர்ந்த பாட்டு அது:
ரோஜா, புல்புல், மது, காதலியின் புருவம்.
பருத்தி விளைச்சல் செய்திக்கு முன்
இருபது நிமிடம். பிடித்தம் போகப் பதினொரு ரூபிள்.

சனிக்கிழமைகளில் வரமாட்டார்.
வயிற்று வலி, பல், சித்தப்பா சாவு.
ஒரே சித்தப்பாவை நாலு தடவை புதைத்திருக்கிறார்.
பதிவேட்டில் அத்தனை சாவுக்கும்
முத்திரை குத்தியவள் நான்.
ஏன் என்று தெரியும். கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகு
சம்பளக் கவரோடு அவர் தெருவுக்குப் போனேன்.
அடைத்த ஜன்னல். உள்ளே அதே மெட்டு,
ஒரு நெளிவுகூட மாறவில்லை.
சொல் மட்டும் வேறு.
காதலி இருந்த இடத்தில் கடவுள் உட்கார்ந்திருந்தார்.
அல்லது, கடவுள் இருந்த இடத்தில்தான்
இத்தனை நாளும் நாங்கள்
ஒரு காதலியை உட்கார வைத்திருந்தோமோ என்னவோ.
ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். கையில் தட்டு இல்லை.
தனக்குக் கேட்க வேண்டும் என்று
அங்கே அவர் பாடவில்லை போலும்.
ஓய்வுநாள் இறங்கிவிட்டால்
விளக்கைக்கூடத் தொடாதவர்கள்;
எந்த இயந்திரமும் அந்தக் குரலைப் பிடித்ததில்லை.
பிடிக்கவும் கூடாது.
கவரை நீட்டினேன். அவர் மனைவி சிவ்யோ
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.
"ஞாயிறு வாங்கிக்கொள்கிறோம்."
ஒரு கிண்ணம் பச்சைச் சோறு கொடுத்தாள்,
மல்லித்தழையும் ஈரலும் போட்டது.
டிராம் வரும்வரை நின்றபடியே தின்றேன்.

அழிப்பது எளிது.
சுருளை மாட்டிக் குமிழைத் திருகினால் போதும்.
பதினான்குக்கு ஒரு பிற்பகல்.
பன்னிரண்டாவதைச் சரிபார்க்க ஓட்டினேன்:
தொடங்குமுன் தொண்டையைச் செருமுகிறார்,
யாரிடமோ மன்னிப்புக் கேட்கிறார், தேநீர் சூடாம்.
அதையும் அழித்தேன்.
மறுநாள் அதே நாடாவில்
ஃபெர்கானா பருத்தி, டன் கணக்கில்.

நியூயார்க்கில், க்வீன்ஸ் பக்கம்,
ரயில் பாலத்தடியில் ஷூ தைக்கிற கடை.
பகலில் குதிகாலுக்கு ஆணி அடிப்பார்.
இரவில் செத்தவர்களின் நினைவு விருந்துகளில் பாடுவார்.
நோட்டீஸில் பெயரை முழுசாய்ப் போடுகிறார்களாம்.

தொண்ணூற்று மூன்றில் போன் செய்தேன்.
மூச்சு விடாமல் ஒப்புக்கொண்டேன்.
கம்பிக்குள் கடல் இரைந்தது.
"பதினாலா?" என்றார்.
"பதினைந்து என்றல்லவா நினைத்திருந்தேன்."
பிறகு கொஞ்ச நேரம் கழித்து,
"என் தட்டு அங்கே இருக்கிறதா?"

இருக்கிறது. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது.
உப்பு வைத்திருக்கிறேன் அதில்.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.