இறுக்கு

ரியூக்கானில் ஆறு மாதம் வெயில் இறங்காது.
மலைமேல் மூன்று கண்ணாடி நட்டு
சதுக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம்
கடன் வாங்கி வைத்திருக்கிறார்கள்.
அங்கே நின்று காபி குடிக்கும்போதுதான்
ராங்ஹில்லின் முகத்தை நான் சரியாகப் பார்ப்பது.
பார்த்தும் ஒன்றும் தெரியாது.

கயிற்றில் தெரியும்.
உறைந்த அருவியில் அவள் மேலே, நான் கீழே.
கோடரி ஒரே கொத்தில் பிடித்தால் நம்பிக்கை.
நாலு கொத்து என்றால் சந்தேகம்.
கயிறு நகராமல் நின்று
மெல்லிய நடுக்கமாய் என் கையுறைக்குள் வந்தால்
பயம்.
எத்தனை மீட்டரில், எந்தத் திருகாணிக்கு மேலே
என்றுகூடச் சொல்வேன்.
அங்கே பயத்துக்கு ஒரு முகவரி இருக்கிறது.
"இறுக்கு" என்பாள். இறுக்குவேன்.
பதினோரு வருடத்தில் நாங்கள்
மனம்விட்டுப் பேசியது அவ்வளவுதான்.

வீட்டில் கயிறு இல்லை.

ஹோல்வார் விழுந்த பிப்ரவரியில்
அடக்கம் முடிந்து சூப் பரிமாறினார்கள்.
உப்பு கேட்டாள்.
அவன் அம்மாதான் எடுத்து நீட்டினாள்.
பிறகு என்னைத் தனியே அழைத்து
"இவளுக்கென்ன, நெஞ்சு கல்லா?" என்றாள்.
இல்லை என்றேன்.
வேறு என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

நூட்டொடனில் ஒரு மனநல மருத்துவர்
படிவம் கொடுத்தாராம்:
இந்த வாரம் என்ன உணர்ந்தீர்கள்?
கட்டத்துக்குள் எழுதியிருந்தாள்:
செவ்வாய், தோள்பட்டை.
வியாழன், வயிறு.
ஞாயிறு, மைனஸ் பதினாலு, நல்ல ஐஸ்.

ஃபிரிட்ஜின் மேல் ஒரு கடிதம்
மூன்று வாரமாகப் பிரிக்கப்படாமல் கிடக்கிறது.
ஹோல்வாரின் அம்மாவுடைய கையெழுத்து.
அதைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.
விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து
கோடரி முனைகளுக்கு அரம் போடுகிறாள்.
அந்தச் சத்தத்தில் நான்
தூங்குவதுபோல் படுத்திருப்பேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

மார்ச்சில் ஐஸ் இற்றுப்போகத் தொடங்கியது.
ஒன்பது நாள் ஏறவில்லை.
பத்தாம் நாள் கடையில்
பால், மீன் உருண்டை, குளியலறைக்கு ஒரு பல்பு.
பணம் கட்டும் வரிசையில்
தள்ளுவண்டிக் கம்பியை அவள் கை விடவில்லை.
உதடு வெளுத்திருந்தது.
நாலு மாடி உயரத்தில்
ஒற்றைக் கோடரியில் தொங்கியபோதும்
வெளுக்காத உதடு.

சுற்றிலும் சமதளம்.
விழ இடமே இல்லை.

"இறுக்கு" என்றாள்,
எனக்கு மட்டும் கேட்கும்படி.

ஒரு கையில் பால் பாக்கெட்.
கீழே வைக்கத் தோன்றவில்லை.
மறு கையால் அவள் ஜாக்கெட்டின் பின்னால் தொங்கிய
வாரைப் பிடித்து இழுத்தேன்,
கொஞ்சம் பலமாகவே.
அப்போது வந்தது
கையுறை இல்லாத என் விரல்களுக்குள்
அந்த நடுக்கம்.

பின்னால் நின்றவர்
வரிசை நகர்ந்துவிட்டது என்றார்.
தெரியும் என்றேன்.