கேட்டுக்கு இந்தப் பக்கம்

காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஏழு நாள்.
பல் டாக்டர் எழுதிய சீட்டில்
வயிற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மூன்றாம் நாள் தாடை வீக்கம் வடிந்தது.
நான்காம் நாள்
பழைய பத்துப் பைசாவை வாயில் அடக்கிக்கொண்டதுபோல் ஒரு ருசி.
காப்பியும் பத்துப் பைசா,
கத்தரிக்காய்க் கொத்சும் பத்துப் பைசா.
ஐந்தாம் நாள் அடிவயிற்றில்
யாரோ மதகுப் பலகையைத் தூக்கிவிட்டார்கள்.

மேட்டூரில் திறந்தால்
எங்கள் வாய்க்காலுக்கு வந்துசேரப் பத்து நாளாகும்.
இது பத்து நிமிஷம்கூடத் தரவில்லை.

நீடாமங்கலத்தில் நான் பில் போடும் கடை
தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்.
ஐந்து ரூபாய்க் கழிப்பறை அந்தப் பக்கம்.
நடுவில் கேட்.
கேட்டைப் பற்றி மட்டும் இந்த ஊர்க்காரர்களிடம் கேட்காதீர்கள்.
நெல் ஏற்றிய கூட்ஸ்
முன்னால் போகும், யோசிக்கும், பின்னால் வரும்.
நாற்பத்திரண்டு பெட்டி.
எண்ணியிருக்கிறேன்,
மிச்சமிருக்கும் பற்களைக் கடித்தபடி.

எங்கள் கடையில் விற்பதற்கும் மருந்து என்றுதான் பெயர்.
ஆறாம் நாள் காலை
எடமேலையூர்க் கலியபெருமாள்
சுருண்டு வெளுத்த தோகை ஒன்றை மேஜையில் வைத்தார்,
பிள்ளையைப் படுக்கவைப்பதுபோல.
"காட்டமா ஒண்ணு குடுங்க."

ஒன்பது வருஷமாக எடுத்துக் கொடுத்த கை
அலமாரி வரை போயிற்று.
அப்போது என் வயிறு தவளைபோலக் கத்தியது.
அவருக்கும் கேட்டது.
இருவரும் கேட்காததுபோல் நின்றோம்.

"வயல்ல சிலந்தி இருக்கா?"
"பனியில பாத்தா வலை வலையா கெடக்கு."
"தட்டான்?"
"அதுவும்தான்."
"அப்ப ஒரு வாரம் விட்டுப் பாருங்க.
மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது."

யாருக்குச் சொன்னேனோ.
என் குடலிலும்
பெயர் தெரியாத சிலந்திகள் இருந்திருக்கின்றன,
முப்பத்தெட்டு வருஷமாகக் கூலி கேட்காமல்
மோர்ச்சோற்றில் பங்கு வாங்கிக்கொண்டு.
பல்லைத் தேடிப் போன மாத்திரை
வழியில் அவற்றின் வீட்டுக்குள்ளும் நுழைந்திருக்கிறது.

முதலாளி ஞானசேகரம்
கால்குலேட்டரிலிருந்து தலையைத் தூக்கினார்.
ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயம்.
நானூற்று எண்பது ரூபாய்
செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனது.

"கஷ்டமா இருக்குன்னு பாதியில நிறுத்திடாதீங்க,
மிச்சக் கிருமி பழகிக்கும்"
என்றிருக்கிறாள் மெடிக்கல் ஜோஸ்பின்.
தெரிந்த கதைதான்.
நாலு போகம் முன்பு ஒரு மூடிக்குச் செத்த புகையான்
இப்போது மூன்று மூடிக்கும் எழுந்து உட்காருகிறது.

ஆகவே நிறுத்தவில்லை.
உப்பும் சர்க்கரையும் கரைத்த பாட்டில்
பில் புத்தகத்துக்குப் பின்னால்.
தூக்கில் தயிர்.
இன்னும் மூன்று மாத்திரை.

மணி அடிக்கிறது.
"இதோ வந்துடறேன்" என்பதைத்
தெருவிலிருந்துதான் சொல்கிறேன்.
இறங்கிக்கொண்டிருக்கும் கம்பத்துக்கு அடியில்
இரண்டு சைக்கிள், ஒரு மீன்கூடை, நான்.

கைக்குள் ஐந்து ரூபாய் இருக்கிறது.
வாயிலிருக்கும் பத்துப் பைசாவை
அங்கே வாங்கமாட்டார்கள்.