குறிப்பு ஏதேனும் இருப்பின்

பல்லடம் தீயணைப்பு நிலையத்திலிருந்து
பதினொரு படிவங்கள் வந்தன.
தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது.
ஒரு மஞ்சள் சட்டை, ஒரு தொப்பி, முதலுதவிப் பை.
ஆளைப் பற்றி விசாரித்து எழுதி அனுப்புவது என் வேலை.
பத்துப் பேர் அரை நாளில் முடிந்தார்கள்.

பதினொன்றாவது, சென்னியப்பன்.
வயது முப்பத்தெட்டு. த/பெ ராக்கியண்ணன்.
தறி லைன் வீடு, காரணம்பேட்டை.
வழக்கு ஏதேனும் உண்டா என்ற கட்டத்தில்
மற்ற எல்லோரும் இல்லை என்றெழுதிய இடத்தில்
'உண்டுங்க' என்று எழுதியிருந்தான்.
அரசாங்கத்துக்கும் ஒரு 'ங்க' போட்டிருந்தான்.

பழைய பதிவேட்டைத் தூசு தட்டினேன்.
நானூற்று ஐம்பத்தேழு:
இரவில் பூட்டை உடைத்து உள்ளே நுழைதல்.
நூல் குடோன். எட்டுப் பெட்டி கோன்.
ஆறு மாதம் கோவையில் இருந்துவிட்டு வந்திருக்கிறான்.
பதின்மூன்று வருடமாக வேறொன்றும் இல்லை.

லைன் வீடுகளில் கேட்டேன்.
"அந்தப் பையனுங்களா, தண்ணி லாரி வந்தா
எங்க கொடத்தையும் சேத்துப் புடிச்சு வெப்பானுங்க."
"ஏனுங்க மேடம், மறுக்காவும் ஏதாச்சும் பண்ணிப்போட்டானா?"
மாவு மில்காரர் கல்லாவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:
"நல்ல பையன்."
சாத்தியதை எழுத ஒரு கட்டம் இல்லை.

தறியை நிறுத்திவிட்டு வந்தான், தலையெல்லாம் பஞ்சு.
எதுக்குத் திருடினே?
"பைக் டியூவுங்க."
பசி, பிள்ளை, ஆஸ்பத்திரி, எதுவும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் எனக்கு எழுதச் சுலபம்.
செரி, இதுக்கு எதுக்கு வர்றே?
"போன ஐப்பசீல வேஸ்ட் காட்டன் குடோன் எரிஞ்சுதுங்களே,
ஷட்டரைத் தொறக்க அவிங்களுக்கு இருவது நிமிசம் ஆச்சுங்க.
வேடிக்கை பாத்துட்டு நின்னேன்.
நாலு நிமிச வேலைங்க அது."

சிரிக்கவில்லை அவன். நானும்தான்.

தாராபுரம் ரோட்டில் என் வீட்டுக்காரர் விழுந்தபோது
அஞ்சு பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள்.
யாரென்று தெரியாது.
பெரியாஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோது
மோதிர விரலில் ஒரு வெளுத்த வளையம் மட்டும் இருந்தது,
இருபது வருட வெயில் படாத தோல்.
புகார் கொடுக்கச் சொன்னார்கள், எங்கள் ஸ்டேஷனிலேயே.
கொடுக்கவில்லை.
தூக்கிவிட்ட நாலு பேரைக் கூப்பிட்டு
எப்படி வரிசையில் நிற்க வைப்பது?
கேட்டிருந்தால் நானே கழற்றிக் கொடுத்திருப்பேன்
என்று முதல் வருடம் நினைத்தேன்.
இரண்டாம் வருடம் அப்படி நினைக்கவில்லை.

ஆக, இந்தப் படிவம் வேண்டும்.
மயங்கிக் கிடப்பவரின் கழுத்துக்கும் விரலுக்கும்
இந்த ஒரு தாள்தான் காவல்.
தாளுக்குத் தெரிந்தது பிடிபட்டவர்களை மட்டும்.
அந்த ஐந்தாவது ஆள் விண்ணப்பித்தால்
இல்லை என்று சுத்தமாக எழுதுவான்.
அரை நாளில் அவனையும் நான் முடித்திருப்பேன்,
ஒருவேளை முடித்தும்விட்டேன்.

வருடம், பிரிவு, தண்டனை எல்லாம் எழுதினேன்.
ஆட்சேபனை: இல்லை.
குறிப்பு ஏதேனும் இருப்பின்: பூட்டுகள் தெரிந்தவர்.
இன்ஸ்பெக்டர் அந்தக் கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டு
கையெழுத்துப் போட்டார்.

பயிற்சி நாளில் பந்தோபஸ்துக்குப் போயிருந்தேன்.
நாடி பார்க்க ஓர் உடம்பு வேண்டுமென்றார் அலுவலர்.
யாரும் படுக்கவில்லை. சிமெண்ட் தரை, வைகாசி வெயில்.
தொப்பியைக் கழற்றிவிட்டு நான் படுத்தேன்.
கண்ணை மூடிக்கொண்டேன்.
ஒவ்வொருவராக வந்து மணிக்கட்டைப் பிடித்தார்கள்,
எண்ணினார்கள், போனார்கள்.
பதினொன்றாவது கையில் தறி எண்ணெய் வாசம்.
"வளையலைக் கொஞ்சம் மேல தள்ளிக்கறனுங்க"
என்றது, என்னிடம்தான்.

மயங்கிக் கிடப்பவள்
பதில் சொல்லக் கூடாது.