சிப்பி தெரிந்தால்

அமாவாசைக்கு மறுநாள். நாள்காட்டியில் வட்டம்.
வற்றம் ஐந்து நாற்பதுக்கு என்கிறது கைபேசி.
சோனாங்குப்பம் அஞ்சாப்புலி சொல்வது வேறு:
"பாலத்துக் கால்ல சிப்பி தெரிஞ்சா எறங்கு,
சிப்பி நனைஞ்சா ஏறிடு.
மணி ஒனக்குத்தான், ஆத்துக்கு இல்ல."

செருப்பு வேண்டாம், சேறு கழற்றிக்கொள்ளும்.
பழைய கான்வாஸ் ஷூ, கணுக்காலில் சணல் ஒரு சுற்று.
விசில். தண்ணீர்.
பிளாஸ்டிக் உறைக்குள் தீப்பெட்டி.
சிகரெட்டை விட்டவனுக்கு எதற்கு?
இருக்கட்டும்.

போன பௌர்ணமிக்கு உப்பனாறு
என்னை முழங்கால்வரை விழுங்கி
ஏதோ யோசித்துத் துப்பியது.
ஃபிலோமினாவிடம் சொல்லவில்லை.
ஷூவில் காய்ந்ததைச் சுவரில் தட்டியபடி
எவ்வளவு ஆழம் என்றாள்.
கணுக்கால்வரை என்றேன்.
சணலைப் பார்த்தாள்.

நாலு மணிக்குக் கதவைத் திறந்தால்
இருட்டில் சேற்று வாசம்.
என் ஷூவுக்குப் பக்கத்தில் இன்னொரு சோடி.
அதிலும் சணல்,
இரண்டு சுற்று.